கேமரா வேலை

ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்து வெகுநேரமாகியும் பாஸ்கரின் உடலை இறக்க ஒரு கை நீளவில்லை. விஜயபுரத்துப் பங்காளிகள் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றார்கள். கடைசியில் டிரைவரும், திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து கூட வந்த நர்ஸ் ரூபாவும்தான் அவனை இறக்கி வாசல் பெஞ்சில் கிடத்தினார்கள்.

பயம் ஊருக்கு மட்டும் இல்லை, தாட்சாயணிக்கும்தான். புருஷன் எடுத்த வாந்தியை அள்ளியது அவள் கை, கஞ்சி ஊட்டியதும் அதே கை. ஆஸ்பத்திரிக் குழாயடியில் அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி நின்றிருக்கிறாள். அதைவிடப் பெரிய பயம் எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தது. எட்டாவது படிக்கிற மகள் காவ்யா. கிட்டே வரக்கூடாது என்று சொல்லி அங்கே உட்கார வைத்ததே அவள்தான்.

நாயுடுபேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் கேமரா வேலை என்றுதான் பாஸ்கர் சொல்லியிருந்தான். ஊரே போட்டோ பிடிக்கிற வேலை என்று நினைத்தது. கல்யாண வீடுகளில் ‘எங்களையும் ஒரு படம் புடி கேமராமேன்’ என்று சீண்டுவார்கள். அவனும் சிரித்துக்கொண்டே போவான். இரும்புக் குழாயின் வெல்டிங்கை ஊடுருவிப் படமெடுக்கிற பெட்டி அது, உள்ளே கண்ணுக்குத் தெரியாத கதிர் இருக்கிறது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அந்தக் கதிரை வீசுகிற, பெட்டியிலிருந்து கழன்று விழுந்த பளபளப்பான துண்டை ஏதோ நட்டு என்று எடுத்துச் சட்டைப் பையில் போட்டவன், வேலை முடிந்தபோதுதான் மேஸ்திரியிடம் கொடுத்தான்.

உள்ளங்கை கொப்பளித்ததும் புத்தூரில் ஒரு டாக்டரிடம் போனார்கள். என்ன வேலை என்று கேட்டார். கேமரா வேலை, போட்டோ எடுக்கிறார் என்று தாட்சாயணி முந்திக்கொண்டு சொன்னாள். அவர் களிம்பு எழுதிக்கொடுத்தார். ‘என்ன கேமரா?’ என்று திருப்பதியில் ஒருவர் கேட்பதற்குள் தலையணை முழுக்க அவன் முடி.

பாஸ்கரின் தம்பி லோகேஸ்வரன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

“குளிப்பாட்ட வாணாம் அண்ணி. அப்டியே எட்த்துக்கினு போய்டலாம். தண்ணி கொண்டாற ஒருத்தனும் வர மாட்டன்றான்.”

ரூபா பையிலிருந்து கதிரை அளக்கிற மீட்டரை எடுத்து உடம்பின் மேல் பிடித்தாள். டிக் டிக் என்றது. கூட்டம் இன்னும் பின்னால் போயிற்று. அவள் நடந்துபோய் லோகேஸ்வரனின் பைக் மேல் அதைப் பிடித்தாள். அங்கேயும் அதே டிக் டிக். மண்ணிலும் கல்லிலும் எப்போதும் இந்தக் கதிர் கொஞ்சம் இருக்கும் என்றாள்.

“வெயில்ல நின்னு கருகிப்போனவரைத் தொட்டா உங்க மேல வெயில் அடிக்குமா? அந்தத் துண்டு இவர் உடம்புல இல்ல. அதைப் பெட்டில வெச்சுப் பூட்டியாச்சு.”

“நீ இன்னிக்கே வண்டியேறிப் பூடுவம்மா. நாங்க இங்கியே இர்க்கணும்,” என்றான் லோகேஸ்வரன்.

தாட்சாயணி ரூபாவின் முழங்கையைப் பிடித்தாள்.

“எம்பொண்ணு… தொட்டா?”

“தொடலாம். ஏமீ காதம்மா. ஒண்ணும் ஆகாது.”

நம்ப வேண்டும்போல இருந்தது. முழுக்க நம்ப முடியவில்லை. இருந்தாலும் அவளே குழாயடிக்குப் போய்க் குடத்தை நிரப்பினாள். பெண்டாட்டி தண்ணீர் வார்ப்பது வழக்கமில்லை என்று சொல்லக்கூட யாரும் கிட்டே வரவில்லை. முடியில்லாத அந்தத் தலை, பிறந்த பிள்ளையின் தலைபோல இருந்தது. வெறுங்கையால் தடவித் தடவி ஊற்றினாள்.

தண்ணீர் பெஞ்சிலிருந்து வழிந்து சிமெண்ட் ரோட்டில் இறங்கியது. மரத்தடியில் செருப்புக்கால்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. லோகேஸ்வரனுடையதும். தண்ணீர் மேட்டில் முட்டித் திரும்பி எதிர்வீட்டுப் படியை நோக்கிப் போனது. அங்கே காவ்யாவின் வெறுங்கால்கள்.

‘காலைத் தூக்குடி’ என்பது தாட்சாயணியின் தொண்டைவரை வந்துவிட்டது.

காவ்யா தண்ணீரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். காலை எடுக்கவில்லை.

தாட்சாயணி உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த குடத்தைச் சாய்த்தாள்.