மூணாறுக்கு அனுப்பப்பட்டவர்கள்

கம்பெனி செலவில் மூணாறு டூர் என்று மேனேஜர் ரத்தினசாமி அறிவித்ததும் தையல் செக்‌ஷனில் கைதட்டல் எழுந்தது. நதியா மட்டும் தட்டவில்லை. ஷிப்மென்ட் நெருங்கும் நேரம். ராமநாதபுரத்திலிருந்து வந்து நெருப்பெரிச்சலில் இந்த பனியன் கம்பெனியில் அவள் சேர்ந்ததிலிருந்து, ஷிப்மென்ட் சமயத்தில் காய்ச்சலுக்குக்கூட லீவு கிடைத்ததில்லை. இப்போது வேலை நாளில் டூராம்.

“எல்லாரையுமா சார் கூட்டிட்டுப் போறீக?”

“ஒரே பஸ்ல எல்லாத்தையும் எப்படிங்க கூட்டிட்டுப் போறது? மொதல்ல நீங்க போய்ட்டு வாங்க. மத்தவங்க அடுத்த மாசம்,” என்று சிரித்தார் ரத்தினசாமி. அவர் யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். அதனாலேயே நதியாவுக்கு அவரிடம் பயம்.

புதன்கிழமை விடியும் முன் பஸ் கிளம்பியது. உடுமலை தாண்டி மலை ஏறும்போது எல்லோரும் ஜன்னலோரம் சாய்ந்து பாட்டுப் பாடினார்கள். நதியா முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓசில கூட்டிட்டுப் போறாங்க. அதுலயும் சந்தேகப்பட்டா எப்புடிங்க?” என்றாள் பக்கத்து மெஷின் சித்ராதேவி.

தேசியப் பூங்காவில் மேகம் தரையிறங்கிக் கிடந்தது. புல்சரிவில் ஒரு வரையாடு மனிதர்களைச் சட்டை செய்யாமல் மேய்ந்தது. சித்ராதேவி அதை வீடியோ எடுக்க ஓடினாள். ரத்தினசாமி மட்டும் மலையையும் பார்க்கவில்லை, ஆட்டையும் பார்க்கவில்லை. திரும்பத் திரும்பத் தலைகளை எண்ணினார். பிறகு பாறைக்குப் பின்னால் ஒதுங்கிப் போனில் பேசினார். காற்று அந்தப் பேச்சை நதியாவிடம் கொண்டுவந்தது.

“எல்லாரும் எங்கூடத்தானுங்க இருக்காங்க. சாயங்காலம் வரைக்கும் தொந்தரவு இல்லீங்க.”

நதியா மறுபடியும் முகங்களைப் பார்த்தாள். இம்முறை பிடிபட்டது. சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காகத் தொழிற்சாலையைச் சோதிக்க வந்த போன ஆடிட்டில், பின்வாசல் பூட்டியே இருக்கிறது, அட்டைப்பெட்டி அடுக்கி வழியை மறைத்திருக்கிறார்கள், தீப்பிடித்தால் வெளியே ஓட முடியாது என்று வாய் திறந்தவர்கள் அத்தனை பேரும் இந்த பஸ்ஸில்தான் இருந்தார்கள்.

“அக்கா, நீங்களும் அன்னைக்குப் பேசுனீகள்ல?”

சித்ராதேவியின் சிரிப்பு நின்றது.

அடுத்து ஏரிக்கரையில் பஸ் நின்றது. மலைகளின் நடுவே தண்ணீர் பச்சையாக விரிந்து கிடந்தது. படகுக்கான வரிசையில் நிற்கும்போது நதியாவின் போனுக்கும் சிக்னல் வந்தது. கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் முத்தாத்தாளை நதியா அழைத்தாள்.

“உங்க மெஷின்ல எல்லாம் புதுப் புள்ளைங்க உக்காந்திருக்குது கண்ணு,” என்றாள் முத்தாத்தாள், தாழ்ந்த குரலில். “பெட்டியெல்லாம் ராவோட ராவா எடுத்துட்டாங்க. பின்கதவு தொறந்து கெடக்குது. ஆடிட் பண்ற அம்மா வந்திருக்குது.”

“அவுககிட்ட போனைக் குடுப்பீங்களாம்மா? வீடியோல வாரேன்.”

அந்தப் பக்கம் துடைப்பத்தைச் சாய்த்து வைக்கும் சத்தம் கேட்டது. மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று நதியா நினைத்தாள்.

“கூட்டற வேலை எந்தக் கம்பெனியிலயும் கெடைக்கும். இரு கண்ணு.”

சற்று நேரத்தில் திரையில் கண்ணாடி போட்ட ஒரு பெண்ணின் முகம் தெரிந்தது. “சொல்லுங்க, நான்தான் ஆடிட்டர்.”

நதியா தன் கம்பெனி அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினாள். சித்ராதேவியும் காட்டினாள். வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராக நெருங்கி வந்தார்கள்.

“நாங்கதான் மேடம் அந்த மெஷின்ல தைக்கிறவுக. எங்கள மூணாறுல கொண்டாந்து விட்டுருக்காக. நாளைக்கு வந்து பாருங்க, அந்தக் கதவு பூட்டியிருக்கும்.”

ரத்தினசாமி ஓடி வந்தார். “ஏனுங்க, யார்கிட்டப் பேசறீங்க?”

“நம்ம கம்பெனிக்குத்தான் சார்.”

திரும்பும் வழியில் பஸ்ஸில் யாரும் பாடவில்லை. வேலை போய்விடும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். போகவில்லை. ஆடிட்டர் அம்மா மறுநாளும் வந்தாள், அந்த வாரமே சொல்லாமல் இன்னொரு முறையும் வந்தாள். பின்வாசலின் பூட்டைக் கழற்றிவிட்டார்கள். முத்தாத்தாளை மட்டும் வேலையை விட்டு நிறுத்தினார்கள். சித்ராதேவி முன்னால் நிற்க, தையல் செக்‌ஷன் மொத்தமும் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்ததும், அன்று மதியமே அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள்.

ரத்தினசாமி இப்போதும் நதியாவைப் பார்த்தால் வாங்க போங்க என்றுதான் பேசுகிறார். அவர் டீ வாங்கிக் கொடுத்தால் அவள் குடிப்பதில்லை.