கறுப்பு ஜன்னலின் பராமரிப்பு அட்டை

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கை வைத்த லிஃப்ட் ஒன்றுகூட, ஆளை உள்ளே வைத்துக்கொண்டு பாதியில் நின்றதில்லை. இதை அவரே சொல்லிக்கொள்வார். கேட்க ஆள் இல்லாவிட்டாலும் சொல்லிக்கொள்வார். சொல்லட்டுமே, பொய்யில்லையே. மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற மெக்கானிக் அவர்.

அப்பேர்ப்பட்டவருக்குக் கணக்கு என்றால் மட்டும் கை கால் உதறும். பள்ளி இறுதித் தேர்வில் கணக்கை நாலு மார்க்கில் கோட்டை விட்டவர். அது போகட்டும், அப்படி எத்தனையோ பேர். வம்பு எங்கே வந்தது என்றால், கல்யாணம் பேசிய அன்று அவருடைய அண்ணன் வாய் கூசாமல், "தம்பி எல்லாத்துலயும் பாஸ்" என்று அடித்துவிட்டார். தம்பியும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டிக்கொண்டதோ ஒரு கணக்கு டீச்சரை. பத்தொன்பது வருஷமாக அந்தப் பொய் வீட்டுக்குள் வாடகை கொடுக்காமல் குடியிருந்தது.

இப்போது கம்பெனியில் மேற்பார்வையாளர் வேலை காலி. மேனேஜருக்கு இவர் படிப்பு தெரியும். "உங்கள விட்டா வேற ஆள் இல்லீங்க. ஆனா அந்தக் கணக்கு சர்டிஃபிகேட் இல்லாம மேல அனுப்ப முடியாது. ஏழு மாசம் டைம் வாங்கித் தரேன்" என்றார்.

தெருவில் பாதிப் பிள்ளைகள் சாயங்காலம் டீச்சரிடம்தான் டியூஷன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும், தேற்றிவிடுவாள். ஆனால் கேட்பதற்கு முன்னால் பழைய பொய்யை ஒத்துக்கொள்ள வேண்டுமே. அதற்கு லிஃப்ட் குழியில் தலைகீழாகத் தொங்கலாம் என்று நினைத்தார். அவருக்கு ஷிஃப்ட் முடிவது இரண்டு மணிக்கு, அவள் வருவது நாலரைக்கு. நடுவில் வீட்டுக் கம்ப்யூட்டர் சும்மாதானே இருக்கிறது, அதிலேயே பாடம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் நாளே மாட்டியிருப்பார். அன்று சாயங்காலம் வினாத்தாள் தேட உட்கார்ந்த டீச்சர் ஓர் எழுத்தைத் தட்டியதும், 'கணக்கில் பாஸ் ஆக சுலப வழி' என்று மதியம் தேடியது அப்படியே வந்து நின்றது.

"எந்தப் பிள்ளையோ நம்ம கம்ப்யூட்டர்ல தேடியிருக்கு பாருங்க" என்று அவள் சிரித்தாள். இவரும் சிரித்துவைத்தார். நெஞ்சு மட்டும் பதினாலாவது மாடியிலிருந்து கீழே இறங்கியது.

மறுநாள் கூட வேலை பார்க்கிறவனிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தார். ஆள் உயரமும் ஒல்லியும், ஒட்டடைக்குச்சி என்று பெயர்.

"கம்ப்யூட்டர்ல நாம பாத்தது யாருக்கும் தெரியாம இருக்க வழி உண்டாப்பா?"

ஒட்டடைக்குச்சி ஒரு மாதிரி பார்த்தான். "என்னண்ணே, இந்த வயசுல? அண்ணிக்குத் தெரியாம அப்படி என்ன பாக்கப் போறீங்க?"

இயற்கணிதம் என்று எப்படிச் சொல்வது? அவன் என்னமோ நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அவனும் சொல்லிக்கொடுத்தான். "மறைவு ஜன்னல்னு ஒண்ணு இருக்குண்ணே, கறுப்பாத் திறக்கும். அதுல பாத்துட்டு மூடிட்டா கம்ப்யூட்டர் எதையும் ஞாபகம் வெச்சுக்காது. ஆனா நெட் கம்பெனிக்காரனுக்குத் தெரியும். எதையாவது டவுன்லோட் பண்ணினா அதுவும் அங்கயே கெடக்கும். ஜாக்கிரத."

அன்றிலிருந்து எல்லாம் கறுப்பு ஜன்னல்தான். ஒரு பாடத்தையும் டவுன்லோட் செய்யவில்லை. நாலேகாலுக்கு ஜன்னலை மூடி, சாதாரண ஜன்னலைத் திறந்து, தேடியவற்றின் பட்டியலையும் ஒரு தடவை பார்ப்பார். சுத்தமாக இருக்கும். தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு டீ போடப் போவார்.

ஆனால் லிஃப்ட் மெக்கானிக் லிஃப்ட் மெக்கானிக்தானே. வேலை செய்துவிட்டு எழுதிவைக்காமல் போக அவர் கை ஒத்துக்கொள்ளாது. ஒவ்வொரு லிஃப்டின் கன்ட்ரோல் பெட்டிக் கதவுக்கு உள்பக்கமும் ஒரு பராமரிப்பு அட்டை இருக்கும்: தேதி, செய்த வேலை, நிலுவை, மெக்கானிக் கையெழுத்து, சரிபார்த்தவர் கையெழுத்து. அதில் ஒரு கட்டு அவர் பையில் எப்போதும் உண்டு. கம்ப்யூட்டர் மேஜைக்குக் கீழே, சி.பி.யூ. பெட்டி இருக்கிற தட்டின் குட்டிக் கதவில், உள்பக்கமாக ஒரு பிளாஸ்டிக் உறையை ஒட்டி அட்டையைச் செருகினார். 'சமன்பாடு. 50 நிமிடம். நிலுவை: சமக்குறியைத் தாண்டினால் ஏன் குறி மாறுகிறது? புரியவில்லை.' கீழே கையெழுத்து. இருபது வரி நிறைந்ததும் அட்டையைப் பின்னால் தள்ளிவிட்டுப் புதியது. மெஷின் ரூமுக்குள் மெக்கானிக்கைத் தவிர யார் வரப்போகிறார்கள்?

அதிர்ஷ்டமும் அவர் பக்கம் இருந்தது. சமக்குறி புரியாத வாரத்தில், டீச்சர் டியூஷன் பிள்ளைகளுக்குத் தராசு ஒன்றை வரைந்து அதையே சொல்லிக்கொடுத்தாள். வட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றபோது அவளும் வட்டத்துக்கு வந்தாள். வழக்கத்தைவிடச் சத்தமாக வேறு. இவர் ஹாலில் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, ஒரு வரிகூடப் படிக்காமல், காதைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பக்கத்து ஊரில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்த் தேர்வை எழுதினார். ரிசல்ட் வந்த மதியம் கறுப்பு ஜன்னலைத் திறந்து தேர்வு எண்ணைத் தட்டும்போது விரல் இரண்டு தடவை வழுக்கியது.

அறுபத்தேழு. பாஸ்.

எழுந்து ஹாலை ஒரு சுற்றுச் சுற்றினார். யாரிடம் சொல்வது? பழக்க தோஷம், முதலில் அட்டையில் எழுதிவிடலாம் என்று குனிந்து கதவைத் திறந்தார். அவசரமாக இழுத்ததில் உறை கழன்று, அட்டைகள் அத்தனையும் தரையில் சிதறின. ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

நிறைந்த அட்டைகளில் சரிபார்த்தவர் கட்டம் எதுவும் காலியாக இல்லை. வரிக்கு வரி, சிவப்பு மையில், அவர் மனைவியின் கையெழுத்து. ஓரிடத்தில் பக்கத்திலேயே எழுதியிருந்தாள்: 'கழித்தல் குறியில் கவனம்.'

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. தரையில் உட்கார்ந்தே அட்டைகளைத் தேதி வாரியாக அடுக்கினார். பிறகு எழுந்து கறுப்பு ஜன்னலை மூடினார். சாதாரண ஜன்னலைத் திறந்து, அதே எண்ணைத் தட்டி, ரிசல்டைத் திரும்பப் பார்த்தார். கம்ப்யூட்டர் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும்.

நாலரைக்கு டீச்சர் வந்தாள். திரையைப் பார்த்தாள், மேஜைமேல் அடுக்கியிருந்த அட்டைகளைப் பார்த்தாள்.

"மவுஸ் வயர் கழண்டுடுச்சுன்னு ரெண்டாவது வாரமே அந்தக் கதவத் திறந்தேன்" என்றாள். "எத்தன பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கேன். ஒரு நாள் விடாம எழுதிவெச்சுப் படிச்சது நீங்க ஒருத்தர்தாங்க. ஸ்டாஃப் ரூம்ல பேர் சொல்லாம உங்களப் பத்திப் பெருமையடிச்சுக்கிட்டு இருந்தேன். இனிமே பேர் சொல்லியே அடிச்சுக்குவேன்."

அவர் ஆரம்பித்தார். "பத்தொன்பது வருஷம் உன்கிட்ட..."

"அது தனி. இன்னைக்கு வேலைய ஏன் இன்னும் எழுதல?"

அவர் பேனாவை எடுத்தார். 'ரிசல்ட் பார்த்தது. 67.' நிலுவைக் கட்டத்தில் ஒரு கோடு போடப் போனார்.

"இருங்க. அந்தப் பொய்க்கு ஒரு சண்டை பாக்கி இருக்கு. அதையும் எழுதுங்க."

'நிலுவை: ஒரு சண்டை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறந்து, பக்கத்துக் கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள்.