கேணலின் சேட்

தர்சினி சேட்டின் கொலரை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். இராணுவத் துணி கடையில் கிடைக்காது, வைத்திருந்தாலே வழக்கு. அதனால், ஊரில் ஒரு படம் எடுக்கும் நிருஷன் சாதாரணப் பச்சைத் துணியில் தானே கறுப்பும் மண்ணிறமுமாகத் திட்டுத் திட்டாகப் பெயின்ற் பூசிக் கொண்டுவந்திருந்தான். பூச்சு காய்ந்து விறைத்த இடங்களில் மூன்று ஊசிகள் உடைந்துவிட்டன. மேசையின் மறுபக்கத்தில் இருபத்தாறு வெள்ளைப் பள்ளிச் சட்டைகள் வெட்டியபடி கிடந்தன. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் தொடங்குகிறது.

"போட்டுப் பாருங்கோ, அண்ணை."

கிறிஸ்ரி குருநகரில் ஐஸ் லொறி ஓட்டுகிறவன். போர்க்குற்றம் செய்துவிட்டுத் தலைமறைவாகத் திரியும் இராணுவக் கேணலாக நடிக்கிறான். அந்தக் கேணலை மூன்று பேர் தேடிப் பிடிப்பதுதான் படம். அவனுடைய வண்டி வயிற்றில் பொத்தான் இழுபட்டது.

"ஒளிச்சுத் திரியிறவனுக்கு இவ்வளவு வண்டியோ?"

"ஆரோ நல்லா வைச்சுப் பாக்கினம் போலை, தங்கச்சி."

இருவரும் சிரித்தார்கள். அவள் தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டாள். பிறகு, எல்லாச் சட்டைக்கும் செய்வதுபோல, கொலருக்குள் தன் கடை லேபலை வைத்துத் தைத்தாள். அதில் பெயரும் தொலைபேசி இலக்கமும் இருந்தன.

சனிக்கிழமை சூட்டிங் இடைவேளையில் கிறிஸ்ரி அந்த உடுப்போடேயே மருதனார்மடம் சந்திக்கு வெற்றிலை வாங்கப் போனான். ஒரு மணித்தியாலத்தில் தர்சினியின் வாசலில் பொலிஸ் ஜீப் நின்றது. தையல் மெசினைச் சான்றுப் பொருள் என்று தூக்கி ஏற்றினார்கள்.

"சேர், பிள்ளையளுக்கு உடுப்புக் குடுக்கோணும். மெசினை மட்டும் விடுங்கோ."

"கோட்டிலை வந்து நீதவானிட்டைக் கதை."

அவளையும் ஏற்றிக்கொண்டு போன பொலிஸ் நிலையத்தில் கிறிஸ்ரி வெறும் பெனியனோடு சுவரோர மர வாங்கில் இருந்தான். "படம் எண்டு நூறு தரம் சொல்லிட்டன். நிருஷன் பட அனுமதிக் கடிதத்தோடை வெளியிலை நிக்கிறான். உள்ளை விடுறாங்கள் இல்லை."

அவளைப் பக்கத்தில் இருத்திவிட்டு அதிகாரி பேனாவைத் திறந்தார்.

"ஆரை நினைச்சு எடுக்கிற படம்? உந்தக் கேணல் ஆர்?"

"கதையிலை வாற ஆள், சேர். எனக்கு அளவு மட்டும்தான் தெரியும்."

"அப்ப அளவைச் சொல்லு."

"உயரம் அஞ்சடி எட்டு. நெஞ்சு நாப்பத்திரண்டு. வயிறு நாப்பத்தாறு."

அதிகாரி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்து எழுதினார்.

போர் முடிந்து இரண்டாம் வருடம் தர்சினி இங்கே ஒருமுறை வந்திருக்கிறாள். இராணுவத்திடம் கையளித்த தமையன் திரும்பவில்லை என்று முறைப்பாடு சொல்ல. அன்றைக்கு இருந்தவர் நாலு வரியில் எழுதி முடித்தார். தமையனின் உயரத்தைக்கூடக் கேட்கவில்லை.

அதிகாரி விரலை நாக்கில் தொட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"கை நீளம்?"