சாப்பாட்டு மேசையில் ஒரு கீறல்

"தேய், நல்லாத் தேய். உன் வளையல் போட்ட கோடு, உன் கையாலயே போகட்டும்."

மூத்த மருமகள் நாற்காலியில் கால்மேல் கால் போட்டபடி சொன்னாள். இளையவள் சாப்பாட்டு மேசை மேல் குனிந்திருந்தாள். மரமேசையின் மேல் கனமான கண்ணாடி போட்டிருந்தது. மாமியார் ஆசை ஆசையாக வாங்கியது. ஓரத்திலிருந்து நடுவரைக்கும் அதில் ஒரு கீறல். மகள் வீட்டுக்குப் போயிருந்த மாமியார் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பி வருகிறாள்.

இளையவள் பற்பசையை ஈரத்துணியில் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. துடைத்துப் பார்த்தாள். கீறல் அப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல் பளிச்சென்று தெரிந்தது.

"என்ன, மேசைக்குப் பல்லு விளக்கி முடிச்சாச்சா?"

"இது நான் பண்ணது இல்லக்கா."

"பின்ன கோடு தானா முளைச்சுதா? போன மாசம் ஜாடியை உடைச்ச கைதானே? அத்தை வரட்டும், அவங்ககிட்ட சொல்லு இந்தக் கதையெல்லாம்."

மாமியாரின் திட்டு இளையவளுக்குப் பழகிப்போன ஒன்று. ஜாடி உடைந்த அன்று கணவன் பக்கத்திலேயே நின்று, கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தானே, அதுதான் இன்னும் ஆறவில்லை. இன்றும் அப்படியே நின்றுவிட்டால், இந்த வீட்டில் தனக்கென்று யார் இருக்கிறார்கள்?

அடுத்து சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசினாள். அதுவும் வேலைக்காகவில்லை. கீறல் எவ்வளவு ஆழம் என்று பார்க்க நகத்தைக் குறுக்கே ஓட்டினாள். நகம் எங்கும் தட்டவில்லை. வெண்ணெயில் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. இவ்வளவு பெரிய கீறலில் நகம் மாட்டாமல் போகுமா? மறுபடி ஓட்டினாள். பிறகு மேசை ஓரத்தில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள்.

கீறல் மேலே இல்லை. கண்ணாடியின் அடிப்பக்கத்தில் இருந்தது.

அடியில் குடும்பப் புகைப்படங்களைச் செருகி வைப்பது அந்த வீட்டு வழக்கம். நடுவில் மூத்தவளின் கல்யாணப் படம்தான் எப்போதும் இருக்கும். போன வாரம் இளையவளின் கணவன் தங்கள் படத்தை அதற்குப் பக்கத்தில் வைத்தான். முந்தாநாள் பார்த்தால் அது மூலையில், தண்ணீர்க் குடுவைக்கு அடியில் கிடந்தது. அண்ணிக்குப் பயந்து அவனே நகர்த்தியிருப்பான் என்று நினைத்து, இளையவள் அன்றிலிருந்து அவனிடம் முகம் கொடுத்தே பேசவில்லை.

"என்னங்க, கொஞ்சம் வாங்க. கண்ணாடியைத் தூக்கணும்."

மூத்தவள் சட்டென்று எழுந்தாள். "எதுக்கு? உடைச்சுட்டு அதையும் என் தலையில கட்டவா?"

உள்ளறையில் இருந்த கணவன் வந்து கண்ணாடியைத் தூக்கினான். இளையவள் அடியில் கையை விட்டுத் தடவினாள். இந்த முறை நகம் மாட்டியது. கீறலின் முடிவில், கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு படத்தின் ஒரு துணுக்கு. அவளுடைய கல்யாணப் புடவையின் சிவப்பு.

"நம்ம படத்தை நீங்களா நகர்த்தினீங்க?"

"நானா? நீதான் என்மேல கோவத்துல தள்ளி வச்சேன்னு நெனச்சேன்."

கண்ணாடியை இறக்கி வைத்துவிட்டு இருவரும் திரும்பினார்கள். மூத்தவள் முகம் சிவந்தது.

"ஆமா, நான்தான். படம் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு, கத்தியை விட்டுப் பேர்த்தேன். அதுக்கென்ன இப்போ? இந்த வீட்டுக்கு மொதல்ல வந்தவ நான். நேத்து வந்தவ என் பக்கத்துல சரிசமமா உட்காருவாளா?"

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமே. எதுக்கு என்னைத் தேய்க்க விட்டீங்க?"

"தேய்ச்சா என்ன, தேஞ்சா போயிடுவ?"

வாசலில் செருப்புச் சத்தம். மாமியார் பையைக் கீழே வைப்பதற்குள் மேசை கண்ணில் பட்டுவிட்டது.

"அய்யய்யோ, யார் பண்ண வேலைடி இது?"

மூத்தவள் கொழுந்தனையே முறைத்தாள். சொல்லிப் பார் என்ற முறைப்பு. இளையவள் அவனைப் பார்க்கவேயில்லை. கையில் இருந்த துணியைப் பிழிந்துகொண்டே நின்றாள். அவன் தொண்டையைச் செருமினான்.

"அண்ணிதாம்மா. எங்க படத்தைக் கத்தியால பேர்த்திருக்காங்க. பழியை இவமேல போட்டுட்டு, காலையிலேருந்து தேய்க்க விட்டிருக்காங்க."

"ஓகோ, தம்பிக்கு வாய் முளைச்சிடுச்சா?" மூத்தவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு அறைக்குள் போனாள். கதவு படீரென்று சாத்திக்கொண்டது. "இனிமே எவளும் என்னை அக்கான்னு கூப்பிட வேண்டாம்!"

மாமியார் மூடிய கதவையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் அசையாமல் மனைவிக்குப் பக்கத்திலேயே நின்றான். நெற்றியெல்லாம் வியர்வை. அதைப் பார்த்த பிறகுதான் இளையவளுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

"சரிங்க," என்றாள், மூடிய கதவைப் பார்த்து. "சாப்பாடு ஆறுது. வேணும்னா வந்து போட்டுக்குங்க."