மூன்று பேரும் ஒரு நாயும்

"கட்டிலுக்கு அடியில படுத்துக்கோ. காதுல பஞ்சு வெச்சுக்கோ. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுடும்," என்றாள் அண்ணி, பல் பிடுங்கப் போகிறவளுக்கு ஆறுதல் சொல்கிற குரலில்.

"சிம்னி இந்தப் பக்கம் விழுந்தா?" என்று கேட்டாள் அவள்.

"விழாது. அதுக்குத்தான் இன்ஜினீயருங்க இருக்காங்க," என்றான் அண்ணன்.

"அப்போ நீங்க எதுக்கு வெளியே போறீங்க?"

அண்ணன் கண்ணாடி முன்னால் நின்று ஆரஞ்சு நிற மேலங்கியின் பட்டைகளை இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தான். முதுகில் 'தெருக் காவலர்' என்று பெரிதாக எழுதியிருந்தது. தெருச் சங்கத்தின் செயலாளர் என்பதால் அவனுக்குக் கிடைத்தது. கிடைத்த நாளிலிருந்து சாப்பிடும்போதுகூட அதைக் கழற்றவில்லை.

தெருக்கோடியில் இருந்த உர ஆலை மூடிப் பல வருஷம் ஆகிறது. சென்ற வருஷம்தான் அதைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். முதலில் தொட்டிகளில் கிடந்த அமிலத்துக்குச் சுண்ணாம்பு போட்டு அதன் கோபத்தைத் தணித்தார்கள். குழாய்களில் தங்கிய வாயுவை வெளியேற்றினார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடுகளை நனைத்து, உடையாமல் இறக்கி, கைக்குழந்தையைச் சுற்றுவதுபோல் பிளாஸ்டிக் தாளில் சுற்றி எடுத்துப்போனார்கள். ஓடிய காலத்தில் அந்த ஆலைக்கு யாரும் இவ்வளவு மரியாதை செய்ததில்லை. இப்போது புகைபோக்கி மட்டும் பாக்கி. அதன் அடியில் துளை போட்டு வெடிமருந்து வைத்து, கல் சிதறாமலிருக்கக் கம்பிவலையும் பழைய கன்வேயர் பெல்ட்டும் சுற்றியிருந்தார்கள். விழவேண்டிய இடத்தில் மண்ணைக் குவித்து மெத்தைகூடப் போட்டாயிற்று.

ஆலையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, அதற்குள் இருக்கும் தெருக்கள் எல்லாம் இன்று காலை காலியாக வேண்டும் என்று உத்தரவு. எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்தில் கூடவேண்டும்.

அங்கேதான் சிக்கல். மைதானத்தில் தெருவே இருக்கும். அவளோ தெருவில் இல்லாதவள்.

புருஷன் வீட்டிலிருந்து அவள் வந்து எட்டு மாசம் ஆகிறது. அவன் கைநீட்டும் ஆள். ஒருநாள் உப்பு கூடியதற்கு நீட்டினான், மறுநாள் குறைந்ததற்கு. சரியான அளவு எது என்று கண்டுபிடிக்கும் ஆர்வம் ஒரு கட்டத்தில் அவளுக்குப் போய்விட்டது. பஸ் ஏறிவிட்டாள். வந்து இறங்கியபோது மழை. தெருவில் ஒருவரும் இல்லை. குடும்பம் அதை ஒரு நல்ல தொடக்கமாக எடுத்துக்கொண்டு அவளைப் பின் அறையில் வைத்தது.

அம்மாவுக்கு வேறு வழியில்லை. எதிர் வீட்டுத் தையல்காரி புருஷனை விட்டு வந்தபோது 'வாழாவெட்டி' என்று முதலில் சொன்னது அம்மாதான். சொல்லிச் சொல்லித் தெருவுக்கே பழக்கிவிட்டாள். தான் வளர்த்த சொல் தன் வீட்டுக்குள் நுழைவதை அவளால் எப்படிப் பொறுக்க முடியும்?

ஆகவே தெருவைப் பொறுத்தவரை அவள் புருஷனோடு தூரத்து ஊரில் நன்றாக இருந்தாள். வாசலில் அம்மா சொல்வது பின் அறைவரை கேட்கும். அங்கே அவளுக்குப் பால்கனி வைத்த வீடு. இரண்டு கதவு ஃபிரிட்ஜ். புருஷன் வேலை விட்டால் நேரே வீட்டுக்கு வருகிறவன். சில நாள் அந்தப் பெண்மேல் அவளுக்கே பொறாமையாக இருக்கும். போன மாசம் யாரோ துருவித் துருவிக் கேட்டதில் அம்மா நிலைதடுமாறி, "முழுகாம இருக்கா," என்று சொல்லிவிட்டாள்.

"என்ன குழந்தைம்மா எனக்கு?" என்று அன்று அவள் கேட்டாள்.

"வாயை மூடு," என்றாள் அம்மா.

இடிக்கிற கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன வாரம் வீடு வீடாக வந்தாள். மஞ்சள் ஹெல்மெட், முழங்கால்வரை பூட்ஸ், கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டை. தெரு அவளுக்கு 'பூட்ஸ் மேடம்' என்று பெயர் வைத்தது. பின் அறைக் கதவுக்குப் பின்னால் நின்று அவள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.

"எந்தப் பக்கம் விழணும்னு சிம்னிகிட்ட சொல்லிட்டோம். கேட்டுக்கும்னு நம்பறோம்," என்றாள் பூட்ஸ் மேடம்.

"கேக்கலேன்னா?" என்றாள் அம்மா.

"அதுக்குத்தாம்மா உங்களைக் கிளம்பச் சொல்றோம். உள்ளே ஒரே ஒரு ஆள் இருந்தாலும் பட்டனை அமுக்க மாட்டோம். மந்திரியே வந்து நின்னாலும் சரி. இந்த வீட்ல எத்தனை பேர்?"

"மூணு பேர்," என்றான் அண்ணன். "அப்புறம் நாய் ஒண்ணு."

பூட்ஸ் மேடம் நாயைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தாள். சத்தத்துக்குப் பயப்படுமா? கடிக்குமா? புது இடத்தில் தண்ணீர் குடிக்குமா? போகும்போது மூன்று பேர் கைக்கும் நாயின் கழுத்துக்கும் பச்சைப் பட்டை கொடுத்துவிட்டுப் போனாள்.

இன்று காலை, கிளம்பும் நேரத்தில், அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "தலையை மூடிக்கிட்டுக் கூட்டத்தோட கூட்டமா வந்துடட்டுமே," என்றாள்.

"மூடினா எல்லாரும் யாரு யாருன்னு குனிஞ்சு பாப்பாங்க," என்றாள் அண்ணி.

"ஊர்லேருந்து நேத்துதான் வந்தேன்னு சொல்லலாமே," என்றாள் அவள்.

அண்ணி அவள் வயிற்றைப் பார்த்தாள். அம்மா கட்டில்மேல் கிடந்த தலையணையைப் பார்த்தாள். பார்த்து, உண்மையாகவே யோசித்தாள்.

"ஒண்ணும் வேண்டாம்," என்றான் அண்ணன். "மூணுன்னு சொல்லிட்டேன். மூணுதான். தெருவுல எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. அதைக் கெடுத்துடாதே."

"நான் செத்துட்டா?"

"கிளம்பற நேரத்துல வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு?" என்றாள் அம்மா.

கூடத்துக் கட்டிலடியில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் தண்ணீர்ச் செம்பும் வைத்துவிட்டு அம்மா நாயைக் கையில் பிடித்துக்கொண்டாள். கதவு சாத்திக்கொண்டது. வெளியே பூட்டு விழுந்தது. 'ஆள் இல்லை' என்ற ஸ்டிக்கரை அண்ணன் கதவில் ஒட்டி, நாலு மூலையையும் உள்ளங்கையால் தேய்க்கிற சத்தம் கேட்டது. எந்த வேலையையும் அவன் அரைகுறையாகச் செய்ததில்லை.

கட்டிலடியில் ஒட்டடையும், யாரும் தேடாத ஒற்றைச் செருப்பும், அவள் கல்யாணத்துக்கு வந்து இன்னும் பெட்டியைவிட்டு வெளியே வராத குக்கரும் இருந்தன. அவள் குக்கர் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

முதல் சைரன் ஊதியது. கடைசிப் பேச்சுக்குரல்களும் தேய்ந்தன. இரண்டாவது சைரன் ஊதி அடங்கியபோது தெரு இருப்பதே தெரியவில்லை. அப்போது தெருப்பக்க ஜன்னலுக்கு வெளியே வாக்கி டாக்கி கரகரத்தது. பஞ்சு அவ்வளவு நல்ல பஞ்சு இல்லை.

"மூணாவது தெரு, சொல்லுங்க." பூட்ஸ் மேடத்தின் குரல்.

"காலி, மேடம்." அண்ணனின் குரல். அவன் சரியாக அந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். வேண்டுமென்றே நின்றானா, நிழலுக்காக நின்றானா, தெரியவில்லை.

"உறுதியா? உள்ளே யாரும் இல்லையே?"

அண்ணன் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான். கட்டிலடியில் அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"ஒரு உசிருகூட இல்ல, மேடம்."

அவள் பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள்.

இத்தனை மாசமாக அவள் இல்லை என்பதை இவர்கள் எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். தூரத்தில் இருக்கிறாள், குண்டாகிவிட்டாள், ஃபோனில் பேசினாள். அதெல்லாம் வாசலோடு போயிற்று. யாருக்கும் காயம் இல்லை. இது அப்படியில்லை. இந்தப் பேச்சை நம்பி ஒருவன் பட்டனை அமுக்குவான்.

படிக்கட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தது. பகலில் மாடிக்குப் போகக்கூடாது என்பது அவளுக்கு மட்டுமான சட்டம். இரண்டிரண்டு படியாகத் தாண்டி ஏறிக் கதவைத் திறந்தாள். வெயில் முகத்தில் அறைந்தது. கண் பழகியதும் புகைபோக்கி தெரிந்தது. இடுப்பில் கம்பிவலையைக் கட்டிக்கொண்டு, எங்கோ கிளம்புகிற மாதிரி நின்றது.

வானத்திலிருந்து ஒரு ட்ரோன் ரீங்காரம் போட்டுக்கொண்டு இறங்கி, அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றது. அது அவளைப் பார்த்தது. அவள் அதைப் பார்த்தாள். எட்டு மாசத்தில் அவளை நேருக்கு நேர் பார்த்த முதல் வெளியாள் அதுதான். அவள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

சைரன் வேறு மாதிரி அலறியது. விட்டுவிட்டு, அவசரமாக.

கீழே அண்ணன் அண்ணாந்து பார்த்தான். காக்காய் ஓட்டுவதுபோல் கையை வீசி, "போ! உள்ளே போ!" என்று பல்லைக் கடித்தான். அவள் போகவில்லை. அதற்குள் பூட்ஸ் சத்தம் தெருவில் ஓடிவந்தது.

"யாருங்க அது?"

அண்ணன் அவளை மறுபடி பார்த்தான். கூடப் பிறந்தவளை. பார்த்துவிட்டு, "தெரியல மேடம்," என்றான். "திருடியா இருக்கும். வீடு காலின்னு தெரிஞ்சு ஏறியிருக்கா."

"பூட்டு பூட்டினபடி தொங்குதே?"

"பின்பக்கமா ஏறியிருப்பா."

"பின்பக்கம் வழியே கிடையாது, மேடம்," என்றாள் அவள் மேலேயிருந்து. "சாவி அவர்கிட்டதான் இருக்கு. இடது பாக்கெட்."

பூட்ஸ் மேடம் கையை நீட்டினாள். அண்ணனின் இடது பாக்கெட்டிலிருந்து சாவி வந்தது.

கதவு திறந்தபோது அவள் படியிறங்கி வந்து நிலைக்கு உள்பக்கமாக நின்றாள். பூட்ஸ் மேடத்துக்கு மூச்சு வாங்கியது. "யாரும்மா நீ?"

"நாலாவது ஆள்."

பூட்ஸ் மேடம் அவளைப் பார்த்தாள். அண்ணன், தங்கை இருவரின் மூக்கையும் நெற்றியையும் பார்த்தாள். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"நாயை மட்டும் ஞாபகமா சொன்னீங்களே சார்," என்றாள். "அந்த மேலங்கியைக் கழட்டுங்க."

பட்டைகள் பிய்யும் சத்தம் காலித் தெருவில் பெரிதாகக் கேட்டது. மேலங்கி இல்லாமல் அவன் கொஞ்சம் ஒல்லியாகத் தெரிந்தான்.

பூட்ஸ் மேடம் வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனாள். "எல்லாரும் கேளுங்க. யாரும் பட்டனைத் தொடக்கூடாது, வெடிப் பெட்டியோட சாவி என் கைக்கு வரணும். மூணாவது தெருவுல ஸ்டிக்கர் எதையும் நம்பவேண்டாம். ஒவ்வொரு வீடா மறுபடி திறந்து பாருங்க. கட்டிலுக்கு அடியிலயும்."

மைதானத்துக்குள் அவள் நுழைந்தபோது மொத்தக் கூட்டமும் திரும்பியது. அம்மா நாயை மார்போடு அணைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அண்ணி அம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அடுத்த வீட்டுக்காரி கிட்டே வந்து மேலும் கீழும் அளந்தாள்.

"நீ முழுகாம இருக்கறதா உங்கம்மா சொன்னாங்களே?"

"அது அங்க இருக்கறவ," என்றாள் அவள். "நான் இங்க இருக்கறவ."

ஒரு பெஞ்சில் தையல்காரி தனியாக உட்கார்ந்திருந்தாள். எங்கே போனாலும் அவளைச் சுற்றி இடம் விட்டுத்தான் தெருவுக்குப் பழக்கம். "வா, உக்காரு," என்றாள். அவள் உட்கார்ந்தாள்.

"அண்ணிக்குன்னு சொல்லி ஒரு ஜாக்கெட் தைக்கக் குடுத்தாங்க உங்கம்மா. அளவு உன்னோடது. அப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் யார்கிட்டயும் சொல்லலையா?"

"என்கிட்ட யார் பேசறாங்க, நான் சொல்றதுக்கு?"

மேடையில் பட்டனை அமுக்க வந்திருந்த மந்திரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு மாலை போட வேண்டிய தெருச் சங்கத் தலைவரைக் காணவில்லை. தன் வீட்டைத் திறக்கவேண்டாம் என்று வாசலில் நின்று கம்பெனி ஆட்களிடம் அவர் மன்றாடிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். பின்னால், தாடியும் கசங்கிய சட்டையுமாக, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒருவன் வந்தான். வெளிநாட்டில் பெரிய வேலையில் இருக்கும் அவருடைய மகன்.

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்து பரவியது. அம்மாவின் தலை நிமிர்ந்தது. நாயைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று பெஞ்சருகே வந்து மகளின் தோளில் இடித்தாள்.

"பாத்தியாடி? ஃபாரின்ல கார் வாங்கிட்டான்னு என்கிட்டயே சொன்னாருடி அந்த மனுஷன்! என்னமா கதை கட்டியிருக்காரு!"

எட்டு மாசத்தில் நாலு பேர் முன்னால் அம்மா அவளோடு பேசிய முதல் பேச்சு இதுதான். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கண்ணில் பழைய தெம்பு வந்துவிட்டிருந்தது.

அப்போது கணக்கு வாத்தியார் வீட்டிலிருந்து கம்பெனி ஆட்கள் இருவர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதில் கால் சூம்பிய ஒரு பெண் இருந்தாள். இருபது வயது இருக்கும். வாத்தியாருக்கு ஒரே பிள்ளை, அதுவும் ஆண்பிள்ளை என்றுதான் தெரு நினைத்திருந்தது. அந்தப் பெண் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு, மைதானத்தையும் மரங்களையும் மேடையையும் மந்திரியையும் வாய் திறந்து பார்த்தாள். எல்லாமே அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

இந்தத் தடவை முனகல் எழவில்லை. அம்மாகூட ஒன்றும் சொல்லவில்லை.

பெஞ்சுக்குப் பக்கத்து நிழலில் நாற்காலியை இறக்கினார்கள். தலைவரின் மகன் உட்கார இடம் தேடினான். அவன் பார்த்த பக்கமெல்லாம் பாய்கள் அகலமாயின, பைகள் இடத்தைப் பிடித்துக்கொண்டன. தூரத்தில் பூட்ஸ் மேடத்தின் ஆட்கள் அடுத்த கதவைத் தட்டுவது கேட்டது. அந்த வீட்டுக்காரர், "அங்க யாரும் இல்லீங்க," என்று கத்திக்கொண்டு மைதானத்தைவிட்டு ஓடினார்.

அவள் தையல்காரியை இடித்து நகரச் சொல்லி, தானும் நகர்ந்தாள்.

"உக்காருங்க," என்றாள் அவனிடம். "சீக்கிரம் உக்காருங்க. இன்னும் பாதித் தெரு பாக்கி இருக்கு."