பூங்காவுக்கு இருபது நிமிடம்

ஹிகோனே கோட்டைக்கு ஒரே ஒரு நாள் போய்வருவதற்காக ததாவோ பன்னிரண்டு பக்கத்தில் கையேடு தயாரித்திருந்தார். பழைய கம்பெனியில் வருடந்தோறும் ஊழியர் சுற்றுலா நடத்தியவர் அவர்தான். எந்த ரயில், எத்தனையாவது பெட்டி, கழிப்பறை எங்கே என்று ஒன்று விடாமல் அச்சடித்து, ஆளுக்கொரு பிரதி கொடுப்பார். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

மனைவி சுமியே அதைச் சமையலறை மேசையில் வைத்துப் புரட்டினாள். நகோயாவில் ரயில், மாய்பாராவில் இறங்கி வேறு ரயில், பிறகு அகழி, மதில், செர்ரி மரங்கள். கோட்டையடியில் குளத்தைச் சுற்றியுள்ள பூங்கா ஒன்பதாம் பக்கத்தில்தான் வந்தது. இருபது நிமிடம்.

கல்யாணமான கையோடு அவர்கள் போக வேண்டிய இடம் அது. புறப்படும் அன்று காலையில் ததாவோவின் மேனேஜர் குரிமொத்தோவின் தகப்பனார் இறந்துபோனார். கட்டிய பெட்டியை அப்படியே போட்டுவிட்டு, சாவு வீட்டு வாசலில் மேசை போட்டு, துக்கம் கேட்க வருகிறவர்களின் பெயரை எழுத உட்கார்ந்தார் மாப்பிள்ளை. அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வசந்தங்கள் வந்து போயின. சுமியேவுக்குக் கோட்டை பெரிதல்ல. குளக்கரையில் இவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். பேசாவிட்டாலும் பரவாயில்லை. இதை அவரிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

இன்னும் கொஞ்சம் நேரம் ஒதுக்கக் கூடாதா என்று கேட்டாள்.

"குளம்தானே? சுத்தி வந்தா இருபது நிமிஷம், தாராளமாப் போதும்" என்றார் ததாவோ. பிறகு செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலேயே, சாப்பாட்டுப் பெட்டி மூன்று கட்ட வேண்டும், ஒன்றில் உப்பைக் குறைத்துவிடு என்றார்.

மூன்றாவது பெட்டி குரிமொத்தோவுக்கு. புத்தாண்டு வாழ்த்து அட்டையில், அச்சடித்த வரிகளுக்குக் கீழே, 'வசந்தத்தில் ஹிகோனே போகிறோம், நீங்களும் அவசியம் வரவேண்டும்' என்று ததாவோ பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார். எல்லோரும் எழுதுவதுதான். 'ஒருநாள் கட்டாயம் வருகிறேன்' என்று பதில் வரும், அதோடு முடிந்துவிடும். போன வருடம் மனைவியை இழந்த குரிமொத்தோ, எந்தத் தேதி என்று கேட்டு எழுதிவிட்டார். இனி வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

"என்னங்க, அவர் இன்னுமா உங்களுக்கு மேனேஜர்?"

ததாவோ செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினார்.

"அப்ப நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க. நடுவுல நான் எதுக்கு, இடைஞ்சலா?"

இப்படிச் சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். சேச்சே, நீ இல்லாமலா என்று ஒருமுறை மறுக்க வேண்டும். இன்னொரு முறையும் மறுக்க வேண்டும். மூன்றாவது முறை, சொன்னவர் இறங்கி வருவார். குரிமொத்தோ தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கும் சத்தத்திலேயே அவர் மனதைப் படித்துப் பதவி உயர்வு வாங்கியவர் ததாவோ. சுமியே துடைத்த மேசையையே மறுபடி துடைத்தபடி காத்திருந்தாள்.

"அப்படியா? அதுவும் சரிதான். மேனேஜரும் கூச்சமில்லாம இருப்பாரு."

அவர் தோள்கள் இலேசாகித் தளர்ந்ததை அவள் பார்த்தாள். முப்பத்தெட்டு வருடத்தில் அவளுக்கு இவ்வளவு தெளிவாக எதுவும் புரிந்ததில்லை.

மறுநாள் காலை ததாவோ முடி வெட்டப் போயிருந்தபோது தொலைபேசி அடித்தது. குரிமொத்தோ. குளிர் இன்னும் போகவில்லை என்றார், மகள் திட்டுகிறாள் என்றார், சுற்றிச் சுற்றி விஷயத்துக்கு வந்தார்.

"முட்டி வலி உயிரை எடுக்குதும்மா. மாடிப்படியே ஏற முடியல. ஆனா உங்க வீட்டுக்காரர் அவ்வளவு ஆசையாக் கூப்பிட்டிருக்காரு. நான் எப்படி முடியாதுன்னு சொல்றது?"

அவர் என்ன கேட்கிறார் என்பது சுமியேவுக்குப் புரிந்தது. 'அடடா, சிரமப்படாதீங்க' என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருக்கு விடுதலை. அந்த நாள் அவளுக்கே திரும்பக் கிடைக்கும். குளக்கரையில், பக்கத்தில் ததாவோ, மேனேஜர் வராமல் போனதை நினைத்து முகம் தொங்க உட்கார்ந்திருப்பார்.

"அவர் ராத்திரி பகலா உங்களைப் பத்தியே பேசிட்டிருக்காரு. அவசியம் வாங்க" என்றாள்.

"அப்படியா" என்று எதிர்முனையில் குரல் இறங்கியது. பிறகு குரிமொத்தோ நன்றி சொன்னார். தொலைபேசியிலேயே குனிந்து வணங்கியிருப்பார். அவளும் சுவரைப் பார்த்துக் குனிந்தாள்.

ததாவோ பிடரியைத் தடவிக்கொண்டு வந்து, யார் பேசினது என்று கேட்டார்.

"உங்க மேனேஜர்தான். ரொம்ப சந்தோஷமா இருக்காரு. கோட்டைக்குள்ள உச்சி வரைக்கும் ஏறிப் பார்த்தே ஆகணுமாம்."

"அந்தப் படியெல்லாம் ஏணி மாதிரி இருக்குமே. ஏறி இறங்கவே ஒரு மணி நேரம் ஆகும்." ததாவோ கையேட்டை எடுத்துப் பரபரப்போடு பக்கங்களைத் தள்ளினார். "அப்ப பூங்காவை எடுத்துட வேண்டியதுதான்."

"எடுத்துடுங்க" என்றாள் சுமியே, அரிசியைக் களைந்தபடி.