ஒரு டஜன் பட்டன்

புதன்கிழமை நான்கு மணி ஆனால் நான் மிஷினில் உட்கார்ந்துவிட வேண்டும். தைக்க ஒன்றும் இல்லாவிட்டால் துண்டுத் துணியை வைத்தாவது முக்கால் மணி நேரம் கடகடவென்று ஓட்ட வேண்டும். எங்களுடையது ஒன்றரை அறை வீடு. அந்த அரை அறைக்குள் என் பதினைந்து வயது மகள் செல்போனில் போன் மேடத்தோடு பேசுவாள். அவர் மனநல ஆலோசகர். எங்கேயோ இன்னொரு ஊரில் இருக்கிறார், நேரில் பார்த்ததில்லை. அதனால் நான் வைத்த பெயர் அது. “அம்மா காதுல விழாதுன்னு தெரிஞ்சாத்தான் அவ மனசு விட்டுப் பேசுவா” என்று முதல் வாரமே சொல்லிவிட்டார். எனக்கு ஒட்டுக்கேட்கும் புத்தி உண்டென்று யார் சொன்னார்களோ!

மகளுக்கு மனச்சோர்வு. முதலில் சோம்பல் என்றுதான் நினைத்தேன், திட்டித் தீர்த்தேன். இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. ஏழு மாதமாகப் பள்ளிக்கூடம் இல்லை, வாசற்படி தாண்டவில்லை. மேடம் அறிவுரை சொல்கிற ஆளில்லை. வேலைதான் கொடுப்பார், அதுவும் துளித்துளியாக. ஒரு வாரம் ஜன்னல் திரையை விலக்கு. மறு வாரம் தலைக்குக் குளி. மனசு சரியாகட்டும், அப்புறம் செய்யலாம் என்று உட்கார்ந்திருக்கக் கூடாதாம்; செய்யச் செய்ய மனசு பின்னாலேயே வருமாம். செய்வதற்கு முன்பும் பின்பும் மனசுக்குப் பத்துக்கு எவ்வளவு மார்க் என்று நோட்டில் எழுத வேண்டும். இரண்டைத் தாண்டி நான் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாதுதான், பார்த்தேன்.

இந்தப் புதன் என்னையும் செல்போன் திரைக்கு முன்னால் கூப்பிட்டார்.

“தெருக்கோடி கடைக்கு அவ தனியா போறா. நான் லைன்ல இருப்பேன். நீங்க பின்னால போகக் கூடாது, போன் பண்ணக் கூடாது.”

“எட்டிப் பார்க்கலாமா மேடம்?”

“அதுவும் வேணாம்மா.”

மகள் எங்கேயோ பார்த்தபடி, “என்ன வாங்கணும்?” என்றாள். என்னைப் பார்த்து அவளாக ஒரு கேள்வி கேட்டு எத்தனை நாளாயிற்று! எனக்குக் கை கால் ஓடவில்லை. “கறுப்புப் பட்டன், ஒரு டஜன்” என்றேன். டப்பா நிறைய கறுப்புப் பட்டன்தான் இருந்தது.

காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கதவு சாத்திக்கொண்டது. போயேவிட்டாள்! வீட்டில் மறைத்துப் பேச ஆளே இல்லை. இருந்தும் மிஷினை ஓட்டினேன், ஓட்டாமல் இருக்க முடியவில்லை. கடைக்குப் போக நாலு நிமிஷம், வர நாலு, வாங்க இரண்டு. பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் ஒரு வாடிக்கையாளரின் பேன்ட் கால்கள் இரண்டையும் சேர்த்து வைத்து நீளத்துக்கும் தைத்திருக்கிறேன். இருபது வருஷத் தொழில்!

பிரிக்க உட்கார்ந்தேன். கால் மணி நேரம். இருபது நிமிஷம். பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாளோ? சார்ஜ் போய்விட்டதோ? கூட்டத்தைக் கண்டு மிரண்டிருப்பாளோ? மேடத்துக்குக் கொடுத்த வாக்கு இருபத்தோராவது நிமிஷத்தில் காற்றில் பறந்தது. ஜன்னலுக்கு ஓடினேன்.

வந்துகொண்டிருந்தாள். கையில் சின்னப் பொட்டலம். முகத்தில் சிரிப்பெல்லாம் இல்லை. வேர்த்திருந்தது, மூச்சு வாங்கியது, ஆனால் நடந்துகொண்டிருந்தாள். பாய்ந்துபோய்க் கதவைத் திறந்தேன். கேட்க நூறு கேள்வி இருந்தது; வாயில் வந்தது ஒன்றுதான்.

“பட்டன் கிடைச்சுதா?”

“கறுப்பு தீர்ந்துபோச்சாம். பழுப்பு நல்லா இருந்துச்சு, அதை எடுத்துட்டேன்.” பொட்டலத்தை என் கையில் திணித்தாள். உள்ளே வருவாள் என்று ஒதுங்கி வழிவிட்டேன். அவள் படியேறவில்லை.

“நீ உள்ள போம்மா. நான் அந்தத் திருப்பம் வரைக்கும் போயிட்டு வரேன்.”

“அதுவும் மேடம் சொன்னாங்களா?”

“அவங்க எப்பவோ வச்சிட்டாங்க” என்றாள். அப்போதுதான் கவனித்தேன், காதில் இயர்போன் இல்லை.

நடந்தாள். நான் வாசலில் நின்றேன். திருப்பத்தில் போய் நின்றவள் இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். திரும்பி வருவாள் என்று நினைத்தேன். அவள் பின்னலை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு வலப்பக்கம் திரும்பி மறைந்தாள். ஒரு காலில் செருப்பை மாட்டிவிட்டேன். மற்றதை மாட்டாமல் அப்படியே நின்றேன்.